கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும்போது பல்கலைக்கழக நூலகத்துக்கு எதற்குப் போக வேண்டும்?

கேள்வி – 11 ஜூன் 2025

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்கு மாதம் ஆகிறது. பார்க்கும்போதெல்லாம் நெறியாளர் கேட்கும் முதல் கேள்வி, “நூலகத்துக்குப் போனாயா?” இரண்டு முறை போனேன். முதல் முறை அடையாள அட்டை இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை உட்கார நாற்காலி இல்லை. எனக்கு வேண்டிய கட்டுரைகள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. தொடர்ந்து அங்கே போகிறவர்கள் உண்மையில் எதற்காகப் போகிறீர்கள்?

பதில் – 12 ஜூன், காலை

தூங்கத்தான். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி கிடைத்துவிட்டால் சித்திரை வெயிலுக்கு அதைவிட நல்ல இடம் எங்கள் ஊரில் இல்லை.

வேறு காரணமும் உண்டு. நான் பள்ளி ஆசிரியன், பகுதிநேர ஆய்வாளன். நெசவுத் தொழிலில் வழங்கும் சொற்கள் அகராதிகளில் எப்படி ஏறின, எவை ஏறாமலே போயின என்பது என் ஆய்வு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் 1939இல் வந்த அதன் பின்னிணைப்புத் தொகுதியும் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் நகராது. பேரகராதியை இணையத்தில் தேடலாம், தெரியும். நானும் வீட்டில் அப்படித்தான் தேடுகிறேன். ஆனால் தேடல் பெட்டி நாம் கேட்ட சொல்லைத்தான் கொடுக்கும். கேட்கத் தெரியாததை அலமாரிதான் கொடுக்கும்.

போன நவம்பரில் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியை எடுக்கப் போனேன். அதற்குப் பக்கத்தில், முதுகில் எழுத்தே இல்லாத ஒல்லியான நூல் ஒன்று இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது. நெசவாளர் வழக்குச் சொற்கள், மொத்தம் எண்பது பக்கம். பாவு, ஊடை, தார், விழுது, அச்சு எல்லாவற்றுக்கும் ஊர்வாரியாக வேறுபாடு போட்டிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தவணைச் சீட்டில் மொத்தமே மூன்று முத்திரைகள். கடைசி முத்திரை 1993. நூலின் பெயர் எனக்குத் தெரியாது, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கைப்பேசியில் எதைத் தட்டச்சு செய்து தேடியிருப்பேன்?

படித்து, குறிப்பெடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வந்தேன். சிலர் பத்துப் புத்தகத்தை மேசையில் பரப்பிப் போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

கட்டுரைகளைப் பற்றி ஒன்று: உங்களுக்கு அவை கிடைப்பதே நூலகத்தால்தான். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்தால்தான் அவை திறக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

12 ஜூன், இரவு

காலையில் எழுதிய கடைசி வரி தவறு. வீட்டிலிருந்தும் திறக்கலாம் என்று மூன்று பேர் சுட்டிக்காட்டிவிட்டீர்கள், அதில் ஒருவர் கொஞ்சம் காட்டமாகவே. நூலகம் பயனர் கணக்கு உருவாக்கித் தர வேண்டும், பிறகு பல்கலைக்கழக நூலகங்களை வலையில் இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் இணைப்புவழி நுழையலாம். இரண்டு வருடமாக ஒரு கட்டுரைக்காக நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

14 ஜூன்

சனிக்கிழமை. போய் அந்தக் கணக்கை வாங்கிவிட்டேன். ஒரு பக்கப் படிவம், நெறியாளர் கையெழுத்து, துறை முத்திரை. குறிப்புதவிப் பிரிவில் இருந்த அம்மையார் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். “இதற்கு வருடத்தில் எத்தனை பேர் வருகிறார்கள்?” என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணலாம் என்றார். அறிவிப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டதற்கு என் பின்னால் கையைக் காட்டினார். தூணில், கண் மட்டத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருந்தது. இரண்டு வருடமாக அந்தத் தூணில் சாய்ந்துதான் செருப்பு வாரைச் சரிசெய்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு நடைமுறைக் குறிப்பு. அடையாள அட்டை கைக்கு வர எங்கள் பல்கலைக்கழகத்தில் ஐந்து மாதம் ஆனது. அதுவரை சேர்க்கைக் கட்டண ரசீதும் நெறியாளரின் கடிதமும் இருந்தால் உள்ளே விட்டார்கள். பையை வாசலில் வைத்து டோக்கன் வாங்க வேண்டும். 63ஆம் டோக்கன் கொடுத்தால் வேறு கேளுங்கள். பை வைக்கும் அந்தத் தட்டின் பின்பலகையில் விரிசல், எறும்புப் புற்று. இன்று என் எலுமிச்சைச் சாதத்தை அவைதான் சாப்பிட்டன.

நாற்காலி கிடைக்காததற்குக் காரணம் ஊரறிந்தது. வாசிப்புக் கூடத்தில் பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறார்கள். சொந்தப் புத்தகம், சொந்தத் தண்ணீர் பாட்டில். நூலகத்தின் ஒரு தாளைக்கூடத் தொடுவதில்லை. எட்டு மணிக்கே கைக்குட்டை போட்டு இடம் பிடித்துவிடுகிறார்கள். ஆய்வாளன் நின்றுகொண்டு படிக்கிறான். இதை யாரும் கேட்பதில்லை.

21 ஜூன்

கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இயலில் அந்தச் சிறுநூலிலிருந்து மேற்கோள் காட்டியிருக்கிறேன். பக்க எண் குறிக்க மறந்துவிட்டேன். ஒரே ஒரு எண்ணுக்காக இன்று போனேன். நூல் இல்லை.

கணினிப் பட்டியலில் இருக்கிறது. அலமாரி எண் 494.811, முதல் மாடி, ‘கிடைக்கும்’ என்று பச்சை எழுத்தில் சொல்கிறது. அலமாரியில் இல்லை. வேர்ச்சொல் அகராதி இருக்கிறது, பக்கத்தில் இருந்த நூலின் இடத்தில் விரல் நுழையும் அளவு சந்து. மேல்தட்டு, கீழ்த்தட்டு, அலமாரியின் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டேன். உதவியாளர் அண்ணன் ஏணி போட்டு உச்சித்தட்டையும் துழாவினார். மூக்கில் தூசி ஏறி இருவரும் தும்மியதுதான் மிச்சம்.

முப்பது வருடத்தில் மூன்று பேர் தொட்ட நூலை யார் எடுத்திருப்பார்கள்? திருடத் தகுந்த விலையும் அதற்கு இல்லை. ஒழுங்காக அடுக்குவதற்கு ஆள் போடாத நிர்வாகத்தைத்தான் சொல்ல வேண்டும். பட்டியலைக் கணினியில் ஏற்றினால் போதுமா, பொருள் இடத்தில் இருக்க வேண்டாமா?

22 ஜூன்

நேற்றைய குறிப்பில் கணினிப் பட்டியலைத் திட்டியது கொஞ்சம் அநியாயம். பச்சை எழுத்துக்கு, அந்த நூல் யார் பெயரிலும் இரவலில் இல்லை என்பது மட்டும்தான் அர்த்தம். எலி கடித்ததும் இடம் மாறியதும் அதற்குத் தெரியாது.

நம் ஊரில் நிறைய நூலகங்களைப் போல எங்களுடையதும் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் ஓடுகிறது. நியூசிலாந்தில் ஒரு வட்டார நூலகத்துக்காகச் செய்தது, 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்தது. கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. பெயருக்கேற்றபடி இலவசம், மூல நிரலும் திறந்தது. அதில் நூலை முன்பதிவு செய்யும் வசதி இருக்கிறது. எங்கள் நூலகத்தில் அதைத் திறந்தும் வைத்திருக்கிறார்கள். நேற்று நான் கத்திவிட்டு வருவதற்குப் பதில் அதை அழுத்தியிருக்கலாம். இன்று வீட்டிலிருந்தே அழுத்திவிட்டேன். ‘வரிசையில் முதலாவதாக இருக்கிறீர்கள்’ என்றது. இரண்டாவதாக யார் இருக்கப்போகிறார்கள்!

5 ஜூலை

ஆய்வேடுகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2009இல் பல்கலைக்கழக மானியக்குழு விதி கொண்டுவந்த பிறகு முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவிலும் தரப்பட வேண்டும், அவை சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற வேண்டும். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யாராவது முனைவர் ஆகிவிட்டார்களா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் தமிழ் ஆய்வேடுகளில் ஒரு சிக்கல். பழையவற்றில் பல பாமினி போன்ற, ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் அழகான தமிழ். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த கூட்டாஞ்சோறு. உள்ளே ‘ஊடை’ என்று தேடினால் ஒன்றும் வராது. அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் இருந்தாலும் வராது.

ஆகவே பொருளடக்கத்தைக் கண்ணால் படியுங்கள். அல்லது என்னைப் போல ஆய்வேட்டுப் பிரிவில் போய் உட்காருங்கள். கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, உள்ளே பழைய கோந்து வாசனை. படியெடுக்க விட மாட்டார்கள், கையால் எழுதிக்கொள்ளலாம். அதுவும் நல்லதற்குத்தான். கையால் எழுதும்போது தேவையில்லாததை எழுதச் சோம்பலாக இருக்கும்.

6 ஜூலை

எழுத்துருவை மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன என்று நால்வர் எழுதியிருக்கிறீர்கள். இருக்கின்றன. முந்நூறு பக்கத்தை மாற்றி, ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறிக் கிடப்பதைத் திருத்தி முடித்தவர் யாராவது இருந்தால் கை தூக்கவும்.

19 ஜூலை

கருத்துத்திருட்டுச் சோதனை. இதுவும் நூலகத்தின் வேலைதான், மென்பொருள் அங்கேதான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018 விதிப்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தொந்தரவில்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்திக் கொடுக்க வேண்டும், அதற்கு ஆறு மாதத்துக்கு மிகாத கெடு. 60ஐத் தாண்டினால் பதிவே போய்விடும்.

என் முதல் இயலுக்கு 31 வந்தது. நெஞ்சு அடைத்துப்போய்விட்டது. ஒரு வரிகூட யாரிடமும் எடுக்கவில்லையே! அறிக்கையை அச்செடுத்து, நிறம் தீட்டிய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் பேரகராதியிலிருந்து மேற்கோள் குறிக்குள் எடுத்துப்போட்ட பொருள் விளக்கங்கள், மீதியில் பெரும்பகுதி துணைநூற்பட்டியல். சான்று காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேரக் கூடாது என்று அந்த விதியிலேயே இருக்கிறது. மென்பொருளில் விலக்கு அமைப்பைத் தட்டாமல் ஓட்டியிருக்கிறார்கள். எடுத்துச் சொன்னதும் மறுபடி ஓட்டினார்கள். 7.

அதைவிடச் சங்கடமான உண்மை: அந்த 7இல் ஒரு பத்தி நான் நிஜமாகவே திருடியது. வேண்டுமென்று இல்லை. நான்கு வருடத்துக்கு முன் ஒரு கட்டுரையிலிருந்து நோட்டில் எழுதி வைத்தது, யாருடையது என்று குறிக்காமல் விட்டது, நாளடைவில் என் சொந்த வாக்கியம் என்றே நம்பிவிட்டேன். நன்றாக இருக்கிறதே என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன். குறிப்பெடுக்கும்போதே நூல், பக்கம், தேதி மூன்றையும் எழுதுங்கள். பக்க எண்ணுக்காக அலைகிறவன் சொல்கிறேன்.

12 ஆகஸ்ட்

இன்று எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாள், நூலகர் நாள். சீர்காழிக்காரர், 1892. நூலகத்தில் மாலை போட்டு கேசரி கொடுத்தார்கள்.

கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன கொஞ்ச நாளிலேயே வேலை பிடிக்காமல் மறுபடி வகுப்புக்கே போகிறேன் என்று கேட்டாராம். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்துவிட்டு வா, பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். துளையிட்ட நாலு தகடு, நாலு திருகாணி, அவற்றை வைத்தே வண்டியும் செய்யலாம் பாலமும் செய்யலாம். புத்தகத்தின் பொருளையும் அப்படித் துண்டுகளாகப் பிரித்துக் கோத்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் நூலகத்தில் நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குவது டூயி முறையில். அமெரிக்கர் ஒருவர் 1876இல் போட்ட கணக்கு. அதில் மொழி 400களிலும் இலக்கியம் 800களிலும் இருக்கும். தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811. எங்கள் கட்டடத்தில் ஒன்று முதல் மாடி, மற்றது மூன்றாம் மாடி. தொல்காப்பியத்தையும் சங்கப் பாட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க வேண்டும். ரங்கநாதன் முறையில் இலக்கியமும் மொழியியலும் அடுத்தடுத்த எழுத்துகள், இரண்டிலும் தமிழுக்கு 31. பக்கத்துப் பக்கத்து வீடு. அவர் ஊரில் பிறந்த முறையை விட்டுவிட்டு அவருக்கு மாலை மட்டும் போடுகிறோம். கேசரி நன்றாக இருந்தது.

23 ஆகஸ்ட்

நூல் கிடைத்துவிட்டது.

இருப்புச் சரிபார்ப்பு நடக்கிறது. உதவியாளர் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், உங்கள் நெசவுப் புத்தகம் இருக்கிறது, வாருங்கள்.” குரலில் ஒரு மாதிரியான சிரிப்பு. போனேன். மூன்றாம் மாடியில் 894.811, பாரதிதாசன் கவிதை ஆய்வுகளுக்கு நடுவே இருந்ததாம். “யாரோ இங்கே சொருகிவிட்டார்கள்” என்று நூலை என் கையில் கொடுத்தார். நாற்பதாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. 23 நவம்பர் 2024. ஏறிய இடம் எங்கள் ஊர்.

அன்று முதல் மாடியில் கூட்டம். நூலை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். முடித்ததும் எழுந்து, பக்கத்து அலமாரியில் 811 என்ற எண்ணைப் பார்த்து வைத்திருக்கிறேன். நாலா எட்டா என்று பார்க்கவில்லை. தமிழ் என்றால் 894 என்று கை பழகிவிட்டது. டூயி மேல் பழி போடலாமா என்று பார்த்தேன், பத்து நாளுக்கு முன் அதற்கான வாதத்தையும் நானே தயார்செய்து வைத்திருக்கிறேன். வேண்டாம்.

மூன்றாம் மாடி மேசை ஒவ்வொன்றிலும் ஒரு வாசகம் ஒட்டியிருக்கிறது: ‘படித்த நூல்களை மேசையிலேயே வைக்கவும். அலமாரியில் வைக்க வேண்டாம்.’ இத்தனை நாளும் அது ஒழுங்கற்றவர்களுக்குச் செய்த சலுகை என்று நினைத்திருந்தேன். தவறான இடத்தில் வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம் என்றார் அண்ணன். மேசையில் கிடந்தால் அன்று மாலையே இடத்துக்குப் போய்விடும். எத்தனை பேர் எடுத்துப் பார்த்தார்கள் என்ற கணக்கும் கிடைக்கும்.

ஜூன் 12, 21 தேதிகளில் நான் எழுதியதை அழிக்கவில்லை. இருக்கட்டும். பக்க எண் 37.

24 ஆகஸ்ட்

தூக்கம் வராமல் இன்னொன்றையும் திருத்துகிறேன். டிஎன்பிஎஸ்சி பிள்ளைகளைப் பற்றி எழுதியது. நேற்று நூலோடு படியிறங்கும்போது முதல் மாடியில் ஒரு பெண் எழுந்து, “உட்காருங்கள் சார், நான் சாப்பிடப் போகிறேன்” என்றாள். அவள் வீட்டில் ஒரே அறையாம். இரண்டு தறி. இரவு எட்டு வரை சத்தம். படிக்க இங்கே வருகிறாள். நூலகத்தின் ஒரு தாளைக்கூடத் தொடுவதில்லை என்று நான் குறை சொன்ன ஆட்களில் அவளும் ஒருத்தி. நூலை நீட்டினேன். புரட்டிப் பார்த்து, “இதில் ‘விழுது கட்டுவது’ தப்பாகப் போட்டிருக்கிறது, எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டோம்” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் அப்பாவைப் பார்க்கப் போகிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு.

30 ஆகஸ்ட்

போனேன். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே இடம் போதாது. ஐந்து சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை.

நகல் எடுப்பது பற்றிக் கேட்டவருக்கு: நூலக நகலகத்தில் முழு நூலையும் எடுக்க மாட்டார்கள், ஓர் இயல் எடுத்துத் தருவார்கள். வழக்கு வந்துவிடும் என்று பயமுறுத்தியவருக்கு: டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகல் கடை மேல் மூன்று வெளிநாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன. பாடத்துக்காக நூல் பகுதிகளைத் தொகுத்து மாணவருக்கு நகலெடுத்துக் கொடுப்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தரும் விலக்கில் அடங்கும் என்று 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டில் சில கேள்விகள் மறுவிசாரணைக்குப் போயின, 2017இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றன. எண்பது பக்க நெசவு நூலுக்காக யாரும் உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்கப்போவதில்லை.

13 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் இன்று நேரில் வந்திருந்தார். அடையாள அட்டை வந்துவிட்டதாம். தூணில் இருந்த அறிவிப்பை முதலிலேயே படித்துவிட்டு, வீட்டிலிருந்து நுழையும் கணக்குக்குப் படிவமும் கொடுத்துவிட்டார். எனக்கு இரண்டு வருடம் ஆன வேலை. மூன்றாம் மாடி வரை கூட்டிப்போய் அலமாரிகளைக் காட்டினேன். ஒரு நூலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சொருகப் போனார். கையைப் பிடித்துவிட்டேன்.

மதியம் சாப்பிட இறங்கினோம். அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னை முறைத்தார். 63ஆம் டோக்கன் வாங்கியிருக்கிறார். ஜூன் 14 குறிப்பைப் படிக்கவில்லை போலிருக்கிறது.